முழியன் பார்க்காத சாக்கு

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிற ஆளைப் பார்த்து, உங்கள் கண் காய்ந்துபோயிருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதித் தேறிய பிள்ளை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

சின்னப் பெண். என் பேத்தியைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னாள். கண்ணில் ஏதோ மஞ்சள் சாயம் விட்டாள். நீல வெளிச்சத்தை அடித்து, இமைக்காமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு வாய்க்குள் எண்ணினாள். நாலு எண்ணுவதற்குள் காய்ந்துவிட்டதாம். அப்படியானால் இந்தக் கன்னத்தில் ஓடுவது என்ன, குழாய்த் தண்ணீரா என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. வயசானால் இமை ஓரத்தில் இருக்கிற எண்ணெய்ப் பை அடைத்துக்கொள்ளுமாம். எண்ணெய் இல்லாத கண்ணீர் நிற்காமல் ஆவியாகிவிடுமாம். கண் எரிந்ததும் உடம்பு பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டுமாம். அந்தத் தண்ணீர் எதற்கும் உதவாதாம்.

"காஞ்சு இறுகிப்போன தரையில திடீர்னு அடிக்கிற மழை மாதிரி தாத்தா. ஓடிப் போயிடும், உள்ள இறங்காது."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசுகிறவர்களை நான் அதிகமாகவே சந்தேகப்படுவேன்.

மறுபடியும் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தவள், கண்ணின் அடிப்பக்கத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருக்கிறது என்றாள். தூங்கும்போது கண் முழுசாக மூடுமா என்று கேட்டாள். தூங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? மூடாமல் யார் தூங்குவார்கள் என்றேன்.

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள்.

"மூடாதும்மா. பாதி தெறந்துதான் இருக்கும். கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான்."

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டாள். ஏதோ நான் இடது கைக்காரன் என்று சொன்னது போல அவ்வளவு சாதாரணமாக எழுதிக்கொண்டாள். இப்படிச் சில பேருக்கு உண்டாம், வயசாகி இமை தளர்ந்தால் இன்னும் கூடுமாம். சொட்டு மருந்து கொடுத்தாள். வெந்நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வைக்கச் சொன்னாள். படுக்கும்போது இமையை மூடி மெல்லிய பிளாஸ்திரி ஒட்டச் சொன்னாள். மின்விசிறிக் காற்றோ ஏசி காற்றோ மூஞ்சியில் நேராக அடிக்கக் கூடாது. முக்கியமாக, அடிக்கடி இமைக்க வேண்டும்.

வழியெல்லாம் வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை? ஆரம்பத்தில் அவள், நான் அவளை நோட்டம் விடுவதற்காகத் தூங்குவது போல நடிக்கிறேன் என்று நினைத்தாளாம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கக்கூட யோசிப்பாளாம். பிறகு என் மூஞ்சிக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாளாம். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

அந்த மருந்துக் குப்பியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன். லேசான உப்பு, வேறொன்றும் இல்லை. தண்ணீரை விற்கிறார்கள் என்று அலமாரியில் தூக்கிப் போட்டேன். ஆனால் கண் மூடாத விஷயத்தை அப்படித் தூக்கிப் போட முடியவில்லை. அதற்குக் காரணம் ஒட்டகம்.

நான் வாட்ச்மேன். மின்சாமான் கிடங்கின் கேட்டில் பகல் வேலை. கிடங்கில் ஒயர் சுருள், சுவிட்ச், மோட்டார் எல்லாம் இருக்கும். அங்கே இருக்கிற லோடுமேன்கள் எனக்கு வைத்த பெயர் முழியன். நேரில் அண்ணே என்பார்கள், முதுகுக்குப் பின்னால் முழியன். பெரிய கண், இமைக்காமல் பார்ப்பேன். இமைக்கிற நேரத்தில் ஒரு சுருள் போய்விடும் என்று நானே அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சீல் உடைக்காத பெட்டியைக்கூட ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். டிரைவர் சிரித்தால் ஒரு தடவை, சிரிக்காவிட்டால் இரண்டு தடவை.

முன்பெல்லாம் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு மேனேஜர் எனக்குக் கண்ணாடிக் கூண்டு கட்டிக்கொடுத்தார். உள்ளே ஏசி, காற்று நேராக மூஞ்சிக்கு வரும். வயசானவருக்குச் சௌகரியம் என்றார்கள். கண் எரிச்சல் அதற்குப் பிறகுதான் கூடியது. கண்ணாடி மூடியிருப்பதால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. அதனால் ஒரு வழக்கம் வந்தது. வெளியே போகிறவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று பையைத் திறந்து காட்டுவான். நான் பார்ப்பேன். என் கண் அவன் மேல் பட்டால் போகலாம் என்று அர்த்தம். சரியில்லை என்றால் நான் கையை உயர்த்துவேன். நான் கையை உயர்த்தினால் எவனும் நகர மாட்டான்.

கூண்டுக்கு மேலே ஒரு கேமராவும் இருந்தது. மாட்டிய கொஞ்ச நாளிலேயே செத்துப்போனது. செத்தது எனக்கும் மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஒட்டகம் ஒரு லோடுமேன். கழுத்து முன்னால் நீண்டிருக்கும், முதுகில் எவ்வளவு ஏற்றினாலும் முனகாமல் நடப்பான். டாக்டரிடம் போவதற்குச் சில வாரம் முன்னால் ஒரு செம்பு ஒயர் சுருள் காணாமல் போனது. அன்றைக்கு ஒட்டகம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே போயிருந்தான். சாக்கோடு போனதைத் தெருவில் ஒருவர் பார்த்திருக்கிறார். மறுநாள் மேனேஜர் அவனையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

சாக்கில் கழித்துப்போட்ட பேக்கிங் துணி இருந்தது, வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அதன் மேல் விரிக்க எடுத்துப் போனேன் என்றான் ஒட்டகம். கழிவை எடுத்துப்போவது தப்பில்லை, எல்லோரும் எடுப்பார்கள். கேட்டில் காட்டினாயா என்று மேனேஜர் கேட்டார். காட்டினேன் என்றான். என்னிடம் கேட்டார். இவன் கேட் பக்கமே வரவில்லை என்று சொன்னேன். பின்பக்கச் சுவர் ஏறித்தான் போயிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"அண்ணே, சாக்கைத் தெறந்து காட்டுனேன். நீங்க என்னை நேரா பாத்தீங்கண்ணே. கண்ணுக்குக் கண்ணு."

இப்படி மூஞ்சிக்கு நேராகப் பொய் சொல்கிறவனை நான் என் வேலையில் பார்த்ததே இல்லை என்று நினைத்தேன். மேனேஜர் என்னை நம்பினார். எல்லோரும் என்னைத்தான் நம்புவார்கள், முழியன் கண்ணில் கொசு தப்பாது என்பது அங்கே பேச்சு. ஒட்டகத்தை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகும்போது அவன் என்னைத் திட்டவில்லை. அதையும் நான் அவன் கணக்கில்தான் எழுதினேன். குற்றம் செய்யாதவன் என்றால் திட்டியிருப்பான்.

இப்போது சொல்லுங்கள், டாக்டர் சொன்னதை எப்படித் தூக்கிப் போடுவது?

நான் வேலையில் தூங்குகிறவன் இல்லை. அதை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். ஆனால் தூங்குகிறவனுக்குத் தான் தூங்கியது எப்படித் தெரியும்? மற்றவனை யாராவது பார்த்துச் சொல்வார்கள், தலை தொங்கும், கண் மூடும். என்னை யார் பார்த்தாலும் நான் முழித்திருப்பதாகத்தான் தெரியும். ஊரில் யாரையும் நம்பாதவன், கடைசியில் என்னையே நம்ப முடியாத இடத்துக்கு வந்து நின்றேன்.

வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒட்டகம் மேனேஜர் அறையில் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டை நீயே எடுத்துக்கொண்டு வா, கூண்டுக்குள் உட்கார், நான் தூங்குகிறேனா என்று பார், ஒன்றும் செய்யாதே, பார்த்தால் போதும் என்றேன். பார்க்கிறேன் என்றாள்.

வந்தாள். சாப்பிட்டேன். கவிழ்த்துப்போட்ட பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு லாரி வராது, லோடுமேன்கள் நிழலில் படுத்துக் கிடப்பார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டைப் பார்த்தேன். தெருவில் ஒரு நாய் போனது. எதிரே சுவரில் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் ஒரு நொடிகூட அசையவில்லை. பிறகு லாரி ஹாரன் கேட்டது, எழுந்து கேட்டைத் திறந்துவிட்டு வந்தேன்.

பார்த்தாயல்லவா என்று அவளிடம் கேட்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நான் எத்தனை தடவை எந்திரிச்சேன்?"

எழுந்திருக்கவே இல்லையே என்றேன்.

அவள் தன் பையை மடியில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். முதலில் ஒரு சோப்புக்கட்டி, எதிர்க் கடையில் வாங்கியது. அடுத்தது, சாயங்காலம் கேட்டைப் பூட்டுகிற பெரிய பூட்டு. என் முழங்கைக்குப் பக்கத்தில் மேஜைமேல் எப்போதும் கிடக்கும் பூட்டு.

"பூட்டை எடுத்துப் பையில போட்டேன். கதவைத் தெறந்து வெளிய போனேன். கண்ணாடிக்கு முன்னால நின்னு பையைத் தெறந்து காட்டுனேன், அந்தத் தம்பி காட்டுன மாதிரி. நீங்க பாத்தீங்க. கையைத் தூக்கல. போயி சோப்பு வாங்கிட்டு வந்தேன்."

பொய் சொல்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பூட்டு மேஜைமேல் இல்லை, அவள் மடியில் இருந்தது.

"நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டா முழிச்சுக்குவீங்க, அப்புறம் தூங்கவே இல்லம்பீங்க," என்றாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே மேனேஜரிடம் போனேன். அவர் நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள், அதனால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். விஷயத்தைச் சொன்னேன். ஒட்டகம் போனபோது நான் தூங்கியிருக்கலாம், என் சாட்சி செல்லாது என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

நடந்தது நடந்துவிட்டது, அவனுக்கு எங்கேயாவது வேலை கிடைத்திருக்கும் என்றார். இப்போது கிளறினால் முதலாளி, கேட்டில் தூங்குகிற ஆளை ஏன் வைத்தாய், கேமராவை ஏன் சரிசெய்யவில்லை என்று அவரையே கேட்பாராம். நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். அதற்கு அவர் சிரித்தார்.

"எதுக்குப் பெரியவரே? கேமராவும்தான் செத்துக் கெடக்கு. அதைப் பாத்துப் பயப்படாம இருக்காங்களா? உங்க கண்ணு தெறந்திருக்கில்ல, அது போதும். நீங்க பாட்டுக்கு உக்காருங்க."

என் ஆயுசில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். செத்த கேமராவோடு ஒருவன் என்னை ஜோடி சேர்த்தது அன்றைக்குத்தான். மரியாதையாகத்தான் சொன்னார், பெரியவரே என்று.

ஒட்டகம் வண்டி கழுவுகிற ஒரு கொட்டகையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு மறுநாள் வேலைக்கு முன்னால் அங்கே போனேன். முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, குழாயைப் பிடித்து ஒரு வேனின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னதையும் வீட்டுக்காரி செய்ததையும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டான். பிறகு குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்து, ஈரக் கையை என் மூஞ்சிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"இப்ப முழிச்சிருக்கீங்களா, தூங்குறீங்களாண்ணே?"

வேன்காரன் சிரித்தான். நான் முழித்துத்தான் இருக்கிறேன் என்றேன்.

"என் பொண்டாட்டி என்னைக் கேட்டா தெரியுமா? முழியன் பொய் சொல்ல மாட்டாரே, நீ எடுத்தியான்னு கேட்டா. அவளே கேட்டாண்ணே."

நான் பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் இருக்கிற கோளாறு.

மேனேஜர் காதில் சொன்னது போதாது, லோடுமேன்கள் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றான். வா என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் லோடுமேன்கள் கிடங்கு முற்றத்தில் கூடுவார்கள், எந்த லாரி யாருக்கு என்று மேனேஜர் பிரித்துவிடுவார். அங்கே போய் நின்றேன். ஒட்டகம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பேச வாயெடுத்ததும் கண்ணிலிருந்து வழக்கம்போலத் தண்ணீர் இறங்கியது. ஒருவன் தன் தோள் துண்டை நீட்டி, அழாதீங்கண்ணே என்றான். இது அழுகை இல்லை, கண் காய்ந்துபோனதால் வருவது என்று முதலில் அதை விளக்க வேண்டியதாயிற்று. அவன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டான், ஆனால் நம்பின மாதிரி தெரியவில்லை.

பிறகு சொன்னேன்.

"எனக்குத் தூங்கும்போது கண்ணு மூடாது. அன்னைக்கு மத்தியானம் நான் தூங்கியிருக்கேன். ஒட்டகம் சாக்கைக் காட்டியிருக்கலாம். என் கண்ணு பாத்திருக்கும், நான் பாக்கல. சுவரேறிப் போனான்னு நானாத்தான் சொன்னேன். சுருளை எடுத்தானா, எடுக்கலையா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதுங்கிறதைத்தான் சொல்ல வந்தேன்."

முதலில் ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை நாள் மத்தியானம் இந்த ஆளுக்குப் பயந்து பீடிகூடப் பிடிக்காமல் இருந்தோம் என்று ஒருவன் நொந்துகொண்டான். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. லோடுமேன்களின் மேஸ்திரி அதிகம் பேசாத ஆள். வாசலில் காத்திருந்த லாரியைக் காட்டி, ஒட்டகம் வந்து தோள் கொடுத்தால்தான் இது இறங்கும் என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடியும் உள்ளே போனார். லாரி டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மேனேஜர் கேட்டைப் பார்த்து, வாப்பா என்று கையசைத்தார்.

சுருள் இன்றுவரை கிடைக்கவில்லை.

என்னை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அனுப்பவில்லை. நான் தூங்குகிறவன் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மேனேஜர் மனசில் ஏதோ இருக்கிறது, பொறுத்திருந்து பார்ப்போம். நானாகச் சில மாற்றம் செய்தேன். கூண்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிப் போட்டேன், நிற்கிறேன். நின்றால் முழங்கால் வலிக்கும், வலித்தால் தூக்கம் வராது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கண்ணாடி போனதும் ஏசியும் வீண் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வேறொரு ஆள் நிற்கிறான், நான் உள்ளே போய்த் துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு ஊரறியத் தூங்குகிறேன். பார்வை பட்டால் போகலாம் என்ற பேச்சு இப்போது இல்லை. நான் வாயைத் திறந்து போ என்று சொன்னால்தான் போகலாம்.

அலமாரியில் போட்ட குப்பியை வீட்டுக்காரி எடுத்து வைத்திருந்தாள். அவள்தான் சொட்டு விடுகிறாள், மேலே பாருங்கள், இமைக்காதீர்கள், இப்போது இமையுங்கள் என்று அதிகாரம் செய்துகொண்டு. படுக்கும்போது பிளாஸ்திரியும் அவள்தான் ஒட்டுகிறாள். இப்போதுதான் நான் தூங்கினால் தூங்கின மாதிரி இருக்கிறதாம். ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் பயமில்லையாம். கண் எரிச்சல் குறைந்திருக்கிறது. மருந்தாலா, ஏசி நின்றதாலா என்று சொல்ல முடியாது. டாக்டர் பெண் மருந்தால்தான் என்கிறாள். சொல்லத்தானே செய்வாள்.

ஒட்டகம் தினமும் சாயங்காலம் சாக்கைத் திறந்துகொண்டு என் முன்னால் வந்து நிற்பான். மற்றவர்கள் போ என்ற சொல்லுக்குக் காத்திருப்பார்கள். இவனுக்கு அது போதாது.

"மொதல்ல இமைங்கண்ணே," என்பான்.

நான் இமைப்பேன். நன்றாக மூடித் திறந்து, இரண்டு தடவை, டாக்டர் சொன்ன மாதிரி. பிறகு சாக்குக்குள் கையை விட்டு அடிவரை துழாவிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, போ என்பேன்.